நாலரை மணிக்கு எங்கள் தெருவில் தண்ணீர் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், புதிதாக எழுத வருகிறவர்களுக்கு மூத்த எழுத்தாளர் ஒருவர் சொன்ன யோசனைகள் வந்திருந்தன. தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துவிட வேண்டும், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு நாள் விட்டாலும் கை மறந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அவருடைய கதைகளைப் படித்து வளர்ந்தவன் நான். அவருக்கு அந்த வழக்கம் நிறையக் கொடுத்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எழுத ஆசையோடு இருக்கிற எத்தனை அப்பா அம்மாக்கள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, நமக்கு இது ஆகாது என்று பேப்பரை மடித்து வைத்திருப்பார்கள்! அதை நினைத்தபோது மனசு கேட்கவில்லை. இதே யோசனையை வேறொருவர் சொல்லக் கேட்டு, நான் மூன்று வருடம் ஒரு வரி எழுதாமல் இருந்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு பெரம்பூரில். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் 14 வருடமாக டிடிபி வேலையும் புரூஃப் பார்க்கிற வேலையும் செய்கிறேன். மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மகள் நாலாம் வகுப்பு, மகன் எல்கேஜி.

நர்ஸ் இருக்கிற வீட்டில் ‘தினமும்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறு. காலை டியூட்டி என்றால் ஏழு மணிக்கு அவள் வார்டில் நிற்க வேண்டும், ஆறுக்கே கிளம்பிவிடுவாள். மதிய டியூட்டி என்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் திரும்புவாள். நைட் டியூட்டி என்றால் சாயந்திரம் போனவள் மறுநாள் காலை எட்டரைக்கு வந்து, ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பாள். இருக்கிறது ஒரே படுக்கையறை. அவள் எழுந்திருக்கும் வரை குழந்தைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரத்து டியூட்டி என்ன என்பது ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் வரும். அதைப் பார்த்துத்தான் மகனை எல்கேஜியிலிருந்து பன்னிரண்டரைக்கு யார் கூட்டி வருவது, மகளுக்கு யார் தலை பின்னுவது, பக்கத்து வீட்டு ஆயாவிடம் எந்தெந்த நாள் விட்டுவைப்பது என்று முடிவு செய்வோம். புதன்கிழமை வார்டில் வேறொரு சிஸ்டர் லீவு போட்டால் அந்த ஏற்பாடு முழுக்க மாறிவிடும். யாரையும் குறை சொல்லவில்லை. நோயாளி இருக்கிற இடத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.

சரி, விடியற்காலை நாலு மணிதான் யாரும் தொந்தரவு செய்யாத நேரமாயிற்றே என்பீர்கள். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலரை மணிக்குத் தண்ணீர் வரும். வாசலில் ஒரே அடிபம்பு, மூன்று குடித்தனம். முறை வைத்து அடிக்க வேண்டும். எட்டுக் குடம் அடித்து மாடிக்கு ஏற்றி முடிக்கும்போது ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அடுப்பு. தண்ணீர் வராத நாளில் எழுதலாமே என்று நானும் முயற்சி செய்தேன். அந்த நாட்களில் மகன் நாலு மணிக்கு அப்பா பக்கத்தில் இல்லை என்று எழுந்துகொள்வான். சின்னக் குழந்தை தூக்கத்தில் கையை நீட்டித் தேடும்போது அங்கே ஆள் இல்லாவிட்டால் எழுந்துவிடும். வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

2020-இல் நல்ல தாளாக ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் தேதி போட்டு ஒரு பத்தி எழுதினேன். அவ்வளவுதான், மூன்று வருடம் அந்த நோட்டு பீரோ மேலேயே இருந்தது. ஒழுங்காக இரண்டு மணி நேரம் கிடைக்கட்டும், அப்போது தொடங்கலாம் என்று காத்திருந்தேன். எழுதாமல் இருந்ததைவிட எனக்கு இன்றைக்கும் வலிப்பது வேறொன்று. அந்த வருடங்களில் குழந்தை இடையில் கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும். என்னுடைய எதையோ இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கோபம். ஒருமுறை மகள் தான் வரைந்த படத்தைக் காட்ட வந்தாள். “இப்போ வேணாம் போ” என்று அதட்டிவிட்டேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருக்கவில்லை, எழுத முடியவில்லையே என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாறியது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழை ஊரை மூழ்கடித்த அந்த வாரம் சென்னையில் யாருக்கும் மறந்திருக்காது. மனைவி 3-ஆம் தேதி ஞாயிறு நைட் டியூட்டிக்குப் போனாள். மறுநாள் காலை மாற்ற வேண்டியவர்கள் வர முடியவில்லை, அவளும் வெளியே வர முடியவில்லை. 5-ஆம் தேதி இரவுதான் வீடு வந்து சேர்ந்தாள். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜை அவள் கூப்பிடுவாள் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மாடியில் நானும், ஏழு வயது மகளும், இரண்டு வயது மகனும், ஒரு மெழுகுவர்த்தியும். இருட்டில் சின்னவன் அழுதுகொண்டே இருந்தான். என்ன சொல்லி அடக்குவது என்று தெரியாமல், வருடக்கணக்காக மனசில் கிடந்த ஒரு கதையை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன்.

மூடிப்போன அச்சகம் ஒன்று. ஈய எழுத்துகளைக் கோத்து வேலை செய்த பெரியவர் ஒருவர், வேலை போன பிறகும் தினமும் அங்கே வந்து, எழுத்துப் பெட்டிகளில் எழுத்துகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். எனக்குத் தெரிந்திருந்தது அதுவரைதான். அங்கேயே நின்றுவிட்டேன். மகள் கேட்டாள்: “அந்தத் தாத்தாவுக்கு மத்தியானம் யாருப்பா சாப்பாடு எடுத்துட்டு வருவாங்க?”

நான் அதை யோசித்ததே இல்லை. யார் இன்றைக்கு டியூட்டி, யார் சமைப்பார்கள், யார் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்ற கேள்வியோடுதான் அவள் தினமும் விழிக்கிறாள். அதனால் அவளுக்கு அது உடனே தோன்றிவிட்டது. பெரியவருக்கு ஒரு மருமகள் உண்டு, தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு வருவாள் என்று அப்போதைக்கு ஒரு பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது அந்த மருமகளின் கதை என்று தெரிந்துவிட்டது. பையில் கிடந்த புரூஃப் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி எழுதினேன். அதற்குள் சின்னவனுக்குப் பசி வந்துவிட்டது. பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு எழுதியது அந்த நாலு வரிதான்.

பள்ளிக்கூடங்கள் 11-ஆம் தேதிதான் திறந்தன. அந்த ஒரு வாரமும் தினம் நாலு, ஐந்து வரி. மூன்று வருடத்தில் நடக்காதது நடந்தது. அதற்கும் முன்னால் எனக்குக் குறைவாக இருந்தது நேரம் மட்டும் இல்லை, நாலு வரியையும் எழுத்து என்று ஒத்துக்கொள்கிற மனசும்தான்.

அதன் பிறகு என் வழக்கம் இப்படி. அச்சகத்தில் வீணாகும் புரூஃப் தாள்களை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். 29சி பஸ் பெரம்பூரிலிருந்தே கிளம்புவதால் காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். சாலை வேலை நடக்கிற இடங்களில் பஸ் நிற்கும்போது எழுத்து தெளிவாக விழும், ஓடும்போது கோணல் மாணலாக விழும், பரவாயில்லை. லஸ் ஸ்டாப் வந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். முதலில் இது எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. பாதியில் நின்ற வாக்கியம் மறுநாள் என்னைத் தானாகவே இழுத்துக்கொள்கிறது. முற்றுப்புள்ளி வைத்து முடித்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவதுதான் சிரமம். இப்போதெல்லாம் நேரம் இருந்தாலும் கடைசி வாக்கியத்தை முடிப்பதில்லை. சாயந்திரம் வரும்போது நிற்கத்தான் இடம் இருக்கும். அப்போது எழுத மாட்டேன். மறுநாள் காலை எழுதப்போகிற வரியை மட்டும் யோசித்துக்கொண்டு வருவேன்.

தாள் இல்லாதபோது போன். தமிழ்99 விசைப்பலகை வேலையில் பழகிய கை என்பதால் கட்டை விரலாலும் ஓரளவு வேகமாக அடிக்க முடிகிறது. கை ஈரமாக இருக்கிற நேரம்தான் வீட்டில் அதிகம். பாத்திரம் தேய்க்கும்போது போனை ஜன்னல் திட்டில் நிறுத்தி வைத்துவிட்டு வாயால் சொல்வேன், அது தட்டச்சு செய்துகொள்ளும். ‘மழை’ என்று சொன்னால் சில நேரம் ‘மலை’ என்று விழும். சந்தி எழுத்துகள் காணாமல் போகும். புரூஃப் பார்க்கிறவனுக்கு அதைத் திருத்துவது பெரிய வேலை இல்லை.

வாயால் சொல்லி எழுதுவது எழுத்தே இல்லை என்று அச்சகத்துக்கு வரும் நண்பர் ஒருவர் சொன்னார். அவரிடம் வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். 1901-இல் பிறந்து 1960-இல் மறைந்த அந்த அம்மாள் இதே ஊரில், திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார், ஒரு பத்திரிகையையும் பல வருடம் நடத்தினார். ஆனால் தொடக்கத்தில் அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழிதான் எழுதிக்கொடுத்தார். ஐந்து வயதில் கல்யாணம் செய்து அனுப்பப்பட்ட ஒரு பெண், கையில் எழுத்து வரும் வரை காத்திருக்காமல் கதையைத் தொடங்கிவிட்டார். இரவு பாத்திரம் தேய்க்கும்போது அந்த இரண்டு பெண்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அச்சகத்துப் பெரியவரின் மருமகள் கதை ஏழு மாதத்தில் முடிந்தது. 43 துண்டுத் தாள்கள், அடித்துப் பார்த்தால் ஒன்பது பக்கம். ஒரு சிற்றிதழில் வந்தது.

துண்டு துண்டாக எல்லாவற்றையும் செய்துவிட முடியாது, இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரிகளைச் சேர்க்கலாம். முழுக் கதையையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்து, எங்கே தொய்கிறது, எங்கே ஒரே விஷயம் இரண்டு தடவை வருகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த அளவில் மூத்த எழுத்தாளர் சொன்னது முழுக்கச் சரி. அந்த இரண்டு மணி நேரத்தை மனைவியின் வார விடுமுறை நாளில் நான் கேட்டு வாங்கினேன். நாலைந்து வாரம் போயிற்று. ஒரு நாள் அவள் சொன்னாள்: “நீங்க எழுத நேரம் கேக்கறீங்க, குடுக்கறேன். நானும் நர்சிங் படிக்கறப்ப கவிதை எழுதினேன், காலேஜ் மலர்ல ரெண்டு வருஷம் வந்துச்சு. அது உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினோரு வருடம். நான் கேட்டதே இல்லை. எழுத நேரம் இல்லை என்று நான் இத்தனை நாள் புலம்பியதை, என்னைவிடக் குறைவாகத் தூங்குகிற ஒருத்தி கேட்டுக்கொண்டே இட்லி ஊற்றியிருக்கிறாள். அந்த வாரத்திலிருந்து விடுமுறை நாளில் எனக்கு இரண்டு மணி, அவளுக்கு இரண்டு மணி என்று பிரித்துக்கொண்டோம். அவள் நேரத்தில் குழந்தைகளோடு நான் மேம்பாலத்தை ஒட்டிய பூங்காவுக்குப் போய்விடுவேன். முதல் இரண்டு மாதமும் அவள் அந்த நேரத்தில் தூங்கினாள். எழுதவில்லையா என்று நான் கேட்கவில்லை, அது அவளுடைய நேரம். இப்போது ஒரு நீல நோட்டு வாங்கியிருக்கிறாள். நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. எழுதுகிற பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு’ என்று சேர்த்துச் சொல்கிறோமே, அந்தச் சேர்ப்பை இனிமேல் எழுதுகிற ஆண்களைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி, வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டியது. நைட் டியூட்டி வாரத்தில் சனி, ஞாயிறு வந்தால் அவள் தூங்க வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளைக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை வெளியே வைத்திருக்க வேண்டும். வெயிலில் பூங்கா முடியாது, மழையில் எதுவும் முடியாது. கடைகளுக்குப் போனால் காசு. அந்த ஐந்து மணி நேரம்தான் ஒரு வாரத்தில் எனக்கு இருக்கிற மிக நீளமான நேரம். குழந்தை படம் பார்த்துக்கொண்டோ வரைந்துகொண்டோ இருக்க, நாலடி தள்ளி நான் ஒரு மேஜையில் உட்கார முடிந்தால் போதும்.

அப்படி ஓர் இடம் ஊரில் இல்லாமல் இல்லை. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று பெரிய பகுதி இருக்கிறது. மகன் அங்கிருந்து கிளம்ப மாட்டான். ஆனால் பெரம்பூரிலிருந்து நாலு வயதுப் பையனோடு அவ்வளவு தூரம் போய் வர மாதம் ஒரு முறைதான் முடிகிறது. எங்களுக்குப் பக்கத்தில் கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்று ஒன்றைத் திறந்தார்கள். குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம், தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஓர் இடம். வீட்டில் இடம் இல்லாத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தேர்வுக்கு உயிரைக் கொடுத்துப் படிக்கிறவர்கள் நடுவில் சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு போக எனக்கே மனம் வராது. தெருவுக்குப் பக்கத்தில் இருப்பது கிளை நூலகம். ஒரே கூடம். மகன் ஒரு படத்தைப் பார்த்து “யானை!” என்று கத்தினால், பேப்பர் படிக்கிற பெரியவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948-இல். அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட, நூலகங்களுக்கான ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டப்படுகிறது. நாங்கள் வாடகை வீட்டில் இருந்தாலும் அது எங்கள் வாடகையில் சேர்ந்துதான் இருக்கும். அந்த உரிமையில் கேட்கிறேன். பெரிய கட்டடம் வேண்டாம். கிளை நூலகத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு சின்ன அறை. அதில் பாய், நாற்பது படப் புத்தகம், தாள், கலர் பென்சில். அதே அறையில் பெரியவர்களுக்கு இரண்டு மேஜை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம். சனி, ஞாயிறு, அப்புறம் மழை விடுமுறை விட்டும் வெளியே போகிற அளவில் தெரு இருக்கிற நாட்களில் திறந்திருந்தால் போதும். எழுதுகிறவர்களுக்கு மட்டும் இல்லை, வீட்டிலிருந்தே தேர்வுக்குப் படிக்கிற அம்மாக்களும் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கதைப் பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை பத்திலிருந்து ஐந்து வரை என்றால் எங்களைப் போன்றவர்கள் பெயரே கொடுக்க முடியாது. இரண்டு மணி நேரமாக நாலு வாரம் வைத்துப் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்த மூத்த எழுத்தாளரின் யோசனைகள் வந்த அதே பக்கத்தில், இன்னொரு ஞாயிறு, வேறு மாதிரி வேலை நேரத்துக்கு நடுவில் எழுதுகிறவர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். காய்கறிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறவர், ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருக்கிறவர் என்று இந்த ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். எந்த நேரத்தில், எதில் எழுதுகிறீர்கள், குழந்தை அப்போது யாரிடம் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். என் மனைவியிடமும் கேட்கலாம். உங்களுக்கு எழுதப்போவதாகச் சொன்னேன், பேசுகிறேன் என்றாள். இந்த வாரம் அவளுக்கு நைட் டியூட்டி. மதியம் மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டால் எழுந்திருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை – 11.